ஒருவகைச் சிப்பி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஆவடி ராணுவக் கிடங்கின் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, கூடாரத் துணிக் கட்டுகளுக்கு அடையாளச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. என் கையில் பேனா நின்றுவிட்டது. கூரைத் தகரம் வெயிலில் கொதித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. அந்தத் தட்டை நான் கடைசியாகக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தேன். திருமழிசைச் சுண்ணாம்புக் காளவாய் வண்டிக்காரன் கோவிந்தன், சாட்டைக் கம்போடு நின்றிருந்தான்.

"சாமி, பூந்தமல்லிலேர்ந்து வரேன். ஐயா பூட்டாரு."

"எந்த ஐயா?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"கிளிஞ்சல்னா இன்னான்னு காளவாய்ல வந்து கேட்டாரே, அவருதான். சலோமியம்மா உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொல்லிச்சு."

"கதவை ஏன் அப்படித் தட்டினே?"

அவன் தன் கையையும் கம்பையும் மாறிமாறிப் பார்த்தான். "எப்டித் தட்னேன்? சும்மாதான் சாமி தட்னேன்."

ஈசாக்கு மாசிலாமணி அவர்களின் மரணச் செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதம் இது.

பூந்தமல்லியில் பாதிப் பேருக்கு அவரைக் 'கோட்டு ஐயா' என்று தெரியும். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாதவர். அவரைத் தெரியாத மற்றவர்களுக்காகவும் சேர்த்து இதை எழுதுகிறேன். செத்துப்போனவர் என்றால் உடனே அவரைத் தங்கக் கம்பி ஆக்கிவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. மாசிலாமணி அவர்கள் தங்கக் கம்பி இல்லை, உடும்புப் பிடிவாதக்காரர். ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து, ஒரு வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நாங்கள் வேலை பார்த்ததுண்டு. அவர் போய்விட்டார் என்று கேட்டதும் நான் கொட்டகையின் பின்னால் போய் நின்று அழுததும் உண்மை.

நாங்கள் சந்தித்தது ஒரு அகராதி வேலையில். பட்டணத்து அச்சுக்கூடம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ் அகராதி ஒன்றை வெளியிட நினைத்தது. சொல் தொகுக்க ஐந்து பேர். ஒரு சொல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டு, ஒரு எழுத்துக்கு ஒரு மரப்பெட்டி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோது, பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பூந்தமல்லியில் ஒரு வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தோம். மூன்று பேர் அவரவர் ஊருக்கு ஓடிவிட்டார்கள். மிஞ்சியது நானும் அவரும். எனக்குச் சொந்த ஊர் மண்ணூர்பேட்டை, சைக்கிளில் வந்துபோவேன். அவர் வேலப்பன்சாவடிச் சாலையில் ஒரு ஓட்டு வீட்டில் மருமகள் சலோமியோடு குடியேறினார். மனைவியார் முன்பே காலமாகியிருந்தார். ஒரே மகன் பால்ராஜ், ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. கல்யாணமான எட்டாம் மாதம் கப்பல் ஏறியவன், வீடு பார்த்துவிட்டு மனைவியை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

மாசிலாமணி அவர்களுக்கு உலகத்தில் ஒரே எதிரி உண்டு. 'ஒருவகை' என்ற சொல்தான் அது. பழைய அகராதிகளைப் புரட்டினால் ஒருவகை மரம், ஒருவகை மீன், ஒருவகைப் பூண்டு என்று பக்கம் பக்கமாக வரும். அதைப் பார்த்தால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். "இதை எழுதினவன் மரத்தையும் பார்க்கல, மீனையும் பார்க்கல, கன்னியப்பன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எழுதியிருக்கான்" என்பார். கையில் பிடித்துப் பார்க்காத எதற்கும் அர்த்தம் எழுதுவதில்லை என்பது அவர் விரதம். 'அகப்பை' என்று எழுத என் வீட்டுக்கே வந்து, என் மனைவியிடம் அகப்பையை வாங்கி, கூட்டு கிளறிப் பார்த்துவிட்டுப் போனார். கூட்டும் சாப்பிட்டார். அந்தச் சீட்டில் ஐந்து வரி இருக்கிறது, அதைப் படித்தால் அகப்பையே செய்துவிடலாம்.

'கி' பெட்டியில் 'கிளிஞ்சல்' வந்தபோது சங்கடம் ஆரம்பித்தது. நான் பழைய புத்தகங்களைப் பார்த்து, 'ஒருவகைச் சிப்பி' என்று சொல்லிவிட்டேன். 'சிப்பி'யைப் பார்த்தால், 'கிளிஞ்சல்' என்று போட்டிருந்தது.

"இவனைக் கேட்டா அவன், அவனைக் கேட்டா இவன். கடைசியில ரெண்டு பேரும் வீட்ல இல்லை" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

திருமழிசைக்குப் போகும் வழியில் அந்தக் காளவாய். எண்ணூர்ப் பக்கத்து உப்பங்கழியில் வாரிய கிளிஞ்சல், கால்வாயில் படகிலும் பிறகு வண்டியிலும் அங்கே வரும். வெள்ளை வெள்ளையாக ஆள் உயரக் குவியல்கள். அதைச் சூளையில் அடுக்கிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவார்கள். நெல்வயலுக்கு நடுவே கடல் வாடை அடிப்பது எனக்கு அப்போதே என்னவோபோல் இருந்தது.

குவியலின் அடியில் ஒரு பெண்மணி குந்தியிருந்து கிளிஞ்சலைப் புடைத்துக்கொண்டிருந்தார். பெயர் பச்சையம்மா. சிலவற்றை மட்டும் எடுத்து ஒரு இரும்புக் கரண்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, தனியாக ஒரு கூடையில் போட்டார். மாசிலாமணி அவர்கள் அவர் எதிரிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இது ஏம்மா தனியா?"

"வாய மூடிகினு கீறது ஐயா. இது சூளைக்குப் போவாது."

"ஏன்?"

"உசுரோட இருந்தா மூடிகினு இருக்கும். செத்தா வாயப் பொளந்துடும். ஆனா ஆயிரத்துல ஒண்ணு, செத்தும் தொறக்காது. உள்ள சேறு ரொம்பிகினு கெடக்கும். சூளையில போட்டா வெடி மாரி வெடிக்கும். எம் புருசன் கண்ணு அப்டித்தான் பூட்ச்சு."

"அப்போ குப்பையில போடலாமே. கூடையில எதுக்கு?"

"திரும்பிப் போற வண்டியில அனுப்பிடுவோம். வந்த தண்ணிக்கே."

"சேற்றைத் தண்ணிக்கு அனுப்பறதுல என்ன லாபம்?"

பச்சையம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "சேறா உசுரான்னு தொறக்காத வரிக்கும் எனக்கு இன்னா தெரியும்? தெரியாதத நெருப்புல போடக்கூடாது. ஊட்டுக்கும் எடுத்துகினு போவக்கூடாது. அத்தயெல்லாம் தொடாதே ஐயா."

மாசிலாமணி அவர்கள் தலையாட்டினார். அந்த அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், பட்டப்பகலில் திருடினார். நான் பார்த்தேன். வழியில் கேட்டதற்கு, "திறந்ததை மட்டும் பார்த்து எழுதினா அர்த்தம் பாதிதான். மூடினதும் வேணும்" என்றார்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அப்போது ரங்கூனிலிருந்து கடிதம் நின்று நாலு மாதம். அங்கே குண்டு விழுந்து ஊர் கலைந்து, எத்தனையோ பேர் காடு மேடெல்லாம் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்படி நடந்து வந்த பட்டாபிராம்காரர் ஒருவர், ஆற்றங்கரையில் பால்ராஜ் ஒரு படகில் கால் வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். ஆற்று முகத்தில் நின்ற கப்பலுக்குப் போக வேண்டிய படகு. அது கப்பலுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

கிளிஞ்சலை அவர் தம் மேஜை இழுப்பறையில், 'கி' சீட்டுகளின் மேல் வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, சாம்பல் பூத்த வெள்ளை. மூன்றாம் நாள் மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரம், இழுப்பறைக்குள் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு.

நான் சந்தேகப் பிராணி. எலி என்றேன். இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தோம், எலி இல்லை. பல்லி என்றேன், மரத்தில் வண்டு துளைக்கிறது என்றேன், வெயிலுக்குச் சேறு காய்ந்து வெடிக்கிறது என்றேன். கிளிஞ்சலை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். சும்மா கிடந்தது. உள்ளே வைத்து மூடினால், கொஞ்ச நேரத்தில் தட்டும். மறுநாளும் அதே வேளை. அதற்கு மறுநாளும். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மாடிப்படியில் பாதி தூரம் ஏறி வந்து, "மேலே யாராவது கதவைத் தட்டறாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். மாசிலாமணி அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சலோமி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவள் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் தையல் வகுப்பு எடுப்பவள், இருபத்திரண்டு வயது இருக்கும், வாய் நிறையச் சிரிப்பு. படியேறி உள்ளே வந்தவள் பாத்திரத்தை மேஜைமேல் வைக்கப் போன நேரம், இழுப்பறை தட்டியது. பாத்திரம் கைநழுவி, சோறும் குழம்பும் தரையெல்லாம் ஓடின. அவள் அதைப் பார்க்கவே இல்லை. திரும்பி ஓடி, படிக்கட்டின் கீழ்க்கதவைத் திறந்தாள். நான் பின்னால் போனேன். வெளியே வெயில் மட்டும் நின்றது. தெரு முனைவரை ஒரு ஆள் இல்லை.

"யாரும்மா?" என்றேன்.

"அவர்தாண்ணா. அவர் அப்படித்தான் தட்டுவார். ரெண்டு தட்டு, நிறுத்தி ஒண்ணு. வேற யாரும் அப்படித் தட்ட மாட்டாங்க."

மேலே வந்து மாசிலாமணி அவர்களைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் நாளே அவருக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரை உலுக்கியிருப்பேன், அவர் தரையில் குந்தி, கொட்டிய சோற்றை அள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நின்றேன்.

அதற்குப் பின் வந்த மாதங்கள் நல்ல மாதங்கள் இல்லை. இழுப்பறையை நான் தொடக் கூடாது என்றார். என் முதுகுக்குப் பின்னால் குனிந்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், நான் திரும்பினால் நிறுத்திவிடுவார். 'கி' சீட்டுகள் ஈரம் பிடிக்க ஆரம்பித்தன. கிணறு, கிழங்கு, கிளி என்று என் கையால் எழுதிய சீட்டுகளில் மை கரைந்து, ஓரங்களில் வெள்ளையாகப் பொரிந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. மற்றப் பெட்டிகள் எல்லாம் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. இதைப் படிப்பவர்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நான் அதற்கு மேல் அங்கே நாக்கை வைத்துச் சோதிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் ஆசீர்வாதம் வந்தார். சலோமி வேலை பார்த்த பள்ளியின் கணக்கு வாத்தியார், சாது. சலோமியைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் என்று போதகரிடம் முறையாகப் போய்ச் சொன்னார். போதகரும் யோசித்து ஒரு வழி சொன்னார். பால்ராஜ் இறந்துபோனான் என்று தகப்பனாரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், கோவிலில் அவனுக்கு ஒரு ஜெபம் வைத்துவிட்டு, முறைப்படி கல்யாண அறிவிப்புச் செய்யலாம்.

மாசிலாமணி அவர்கள் அந்தத் தாளைத் தொடவே இல்லை. "நான் பார்க்காததை எழுத மாட்டேன்" என்றார்.

"இது அகராதி இல்லை சார்" என்றேன் நான். "உங்க விரதத்துக்கு அந்தப் பொண்ணு பலியா? இருபத்திரண்டு வயசு. அவ ஆயுசு பூரா உங்களுக்குச் சோறு தூக்கிக்கிட்டு வரணுமா?"

"மூடி இருக்கு, கன்னியப்பன். உயிரோட இருந்தா மூடி இருக்கும்னு அந்தம்மா சொன்னாங்க. நீங்களும்தான் கேட்டீங்க."

"செத்தும் திறக்காதது உண்டுன்னும்தான் சொன்னாங்க. அதை உங்க காது வாங்கலையா?"

நாங்கள் பேசாமல் இருந்த வாரம் அதுதான். அதை முடித்துவைத்தவள் சலோமி. ஒரு மத்தியானம் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, கதவுப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, நான் உங்ககூடவே இருந்துடறேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவர் இருக்காரா, இல்லையா? இருக்கார்னா காத்துக்கிட்டு இருக்கேன். இல்லைன்னா அழுதுட்டு எழுந்திருக்கேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மாமா. இது ரெண்டுக்கும் நடுவுல என்னால இருக்க முடியல."

அவள் சொல்லி முடித்ததும் இழுப்பறை தட்டியது. சலோமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை மாசிலாமணி அவர்கள் கிளிஞ்சலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோவிந்தனின் திரும்பு வண்டியில் ஏறிக் கால்வாய்க் கரைக்குப் போனார். நெஞ்சுச் சளியோடு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று தடுத்தேன், கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் திரும்பினார். வேட்டி முழங்கால்வரை சேறு. சலோமியும் நானும் ஆசீர்வாதமும் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தோம்.

"தண்ணியில வச்சேன்" என்றார். "கொஞ்ச நேரத்துல வாய் திறந்தது. உள்ளே சேறும்மா. வெறும் சேறு."

சலோமி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. அவர் அவள் தலையில் கை வைத்தபடியே நின்றிருந்தார். மாசிலாமணி அவர்கள் ஒன்றைச் சொன்னால் அது அப்படியே இருக்கும் என்பதில் பூந்தமல்லியில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எங்களுக்கும் வரவில்லை.

அடுத்த நாள் அலுவலகத்தில், என் எதிரில், போதகரின் தாளை எடுத்து எழுதினார். 'என் மகன் பால்ராஜ் கடலில் இறந்துபோனான்.' நம்புகிறேன், கேள்விப்பட்டேன் என்ற சொற்கள் இல்லை. இறந்துபோனான் என்றே எழுதினார். கையெழுத்துப் போடும்போது கேட்டது. இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு.

நான் பாய்ந்து இழுப்பறையைத் திறந்தேன். காலி. சீட்டுகள் மட்டும் இருந்தன. மாசிலாமணி அவர்கள் பலமாக இருமினார், இருமிக்கொண்டே கோட்டை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். "என்ன தேடறீங்க?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றேன். என் காதுதான் பழக்கதோஷத்தில் எதையோ கேட்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் ஸ்தானத்தில் மாசிலாமணி அவர்களே சலோமியின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் நடந்து வந்தார். மாமா கூட வந்தால்தான் புது வீட்டுக்கு வருவேன் என்று சலோமி நிபந்தனை போட்டிருந்தாள். ஆசீர்வாதம் அதற்குச் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவரைப்போல ஒரு மனிதர் வாய்த்ததற்கு நான் இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

பிறகு அச்சுக்கூடத்துக்குக் காகிதம் கிடைக்காமல் போய் அகராதி நின்றுவிட்டது. நான் ஆவடிக்கு வேலைக்குப் போனேன். சீட்டுப் பெட்டிகளை அவர் தம் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்துதான் அந்தக் கோட்டு அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை. "உள்ளே என்ன புதையலா வச்சிருக்கீங்க?" என்று நான்கூடக் கேலி பேசியிருக்கிறேன். சிரிப்பார். சலோமிக்குப் பெண் குழந்தை பிறந்து, அதை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதும் கோட்டு. சண்டை முடிந்து ரங்கூன்காரர்கள் ஒருவர் இருவராகத் திரும்பிய மாதங்களில் மட்டும், நாற்காலியை வாசற்கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் யார் நடந்தாலும் அவர் முகம் வெளுத்துப்போகும். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் என்று நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்பதை சலோமி எனக்குச் சொன்னாள். கட்டிலில் கிடந்தவர் திடீரென்று தெளிவாக, "யாரும்மா தட்டறது?" என்றாராம். "யாருமில்லை மாமா." "தட்டறாங்களே. திற." அவர் மனசுக்காக அவள் போய்க் கதவைத் திறந்தாள். வெயில்தான் நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது அவர் போயிருந்தார். கண் வாசலைப் பார்த்தபடியே இருந்தது.

சவப்பெட்டியில் வைப்பதற்கு அந்தக் கோட்டையே போட்டுவிட்டிருந்தார்கள். ஜனங்கள் வாசலில் இருக்கும்போது சலோமி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். சாம்பல் பூத்த வெள்ளைக் கிளிஞ்சல். வாய் மூடியது. மூடியபடியே.

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சேறுன்னாரே" என்றேன் கடைசியில்.

"திறக்கவே இல்லைண்ணா. தண்ணிக்கும் குடுக்கல. மூணு வருஷமா கோட்டுப் பையில வச்சிருந்தார்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முந்தின வாரம். கோட்டைத் துவைக்க எடுத்தேன், பையில இருந்தது. பேசாம திரும்ப வச்சுட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யே சொல்லாத மனுஷர் எனக்காக ஒரு பொய் சொன்னார். அதை நான் நம்பிட்டேன்னு அவர் நம்பணும்னு இருந்துட்டேன். வாத்தியார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இன்னிக்கும் யாராவது கதவைத் தட்டினா எத்தனை தட்டுன்னு எண்ணிப் பார்க்கறேண்ணா. ஆனாலும் போய்த் திறக்கறேன்."

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்க, மாமா எப்படிப்பட்டவர்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும் என்று அவளும் ஆசீர்வாதமும் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

அவர் மேஜையில் 'கி' பெட்டி இருந்தது. புரட்டினேன். 'கிளிஞ்சல்' சீட்டு அகப்பட்டது. போதகரின் தாளில் எழுதிய அதே கறுப்பு மை. அந்த ஒரு சொல்லுக்காகக் காளவாய் மண்ணில் உட்கார்ந்தவர், திருடினவர், மாதக்கணக்காகக் காத்திருந்தவர், அதன் எதிரே இரண்டே சொல் எழுதியிருந்தார்.

ஒருவகைச் சிப்பி.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் இருக்கிற வீட்டில் சத்தம் போட்டு அழுதேன்.

அடக்கத்துக்குக் காளவாயிலிருந்து பச்சையம்மாவும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வேலி ஓரமாக, கிறிஸ்தவர்கள் கூட்டத்தில் கலக்காமல் நின்றார். எல்லோரும் கலைந்த பின் சலோமி கிளிஞ்சலை அவரிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. இடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, காதில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் கேட்டார். எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இதுல ரெண்டு பேரு பேசிகினு கீறாங்க."

சலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புதைகுழி மேல் போட்ட ஈரமண் அப்போதுதான் வெயிலில் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னாம்மா செய்யலாம்? தொறந்து பாக்கணுமா?" என்று பச்சையம்மா கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் சலோமி. "தண்ணிக்கு அனுப்பிடுங்க."

கோவிந்தன் வண்டி சாலையில் நின்றிருந்தது. பச்சையம்மா கிளிஞ்சலைக் கூடையில் வைத்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்து, கூடையில் இருந்த மற்ற மூடிய கிளிஞ்சல்களின் சலசலப்போடு வடக்கே திரும்பும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாசிலாமணி அவர்களே, உங்கள் சீட்டை நான் திருத்தவில்லை. எழுதியபடியே பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் இனி யாரும் உங்களுக்காகக் கதவைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.